கார்த்திகைக்குப் பின் மழை

பெரும்பொழுது ஆறினையும் வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் ஒரே கேள்வி வந்து நிற்கும். கார்காலம் ஆவணி, புரட்டாசி, கூதிர்காலம் ஐப்பசி, கார்த்திகை என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகையிலதான ஐயா மழை? ஆவணியில வெயிலு கொளுத்துமே!" கேட்பவர் பெரும்பாலும் தாமிரபரணிக் கரைக்காரராகவே இருப்பார். 'இலக்கணம் வகுத்த காலத்துப் பருவம் வேறு' என்று ஒற்றை வரியில் விடை சொல்லி, அடுத்த திணைக்குப் போய்விடுவது நம் வழக்கம். அது தப்பித்தல் என்பது நமக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். 2023 டிசம்பருக்குப் பிறகு அந்தக் கேள்வியை அப்படிக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

அந்த டிசம்பரைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 17-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த நாள். அன்று பகலும் இரவும் விடாது பெய்த மழையை மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்தபோது காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே 65, 70 செ.மீ. அளவுதான் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும். திருச்செந்தூரிலிருந்து எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவுவண்டி, ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. முன்னே தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணையும் சல்லியையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. புயல் என்று பெயர் சூட்டிச் சுட்டிக்காட்ட அன்று ஒன்றும் இருக்கவில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவே.

'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை' என்பது தமிழ்நாடெங்கும் புழங்கும் சொலவடை. கர்ணனைப் பற்றி நமக்கு ஐயமில்லை. மழையைப் பற்றிய முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இதை வெறும் வாய்ச்சொல் என்று ஒதுக்குவோரும் உண்டு. முன்னோரின் வானிலை அறிவியல் என்று கொண்டாடுவோரும் உண்டு. நமக்கோ இது ஒரு புள்ளிவிவரமாகத் தோன்றுகிறது. பல தலைமுறை உழவர்கள் ஏட்டில் எழுதாமல், நினைவிலேயே கூட்டி வகுத்துக் கண்ட சராசரி. அரசின் வானிலைத்துறை சொல்லும் 'இயல்பு மழையளவு' என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் சொலவடையின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 92 செ.மீ. அதில் பாதியை ஒட்டிய அளவு, சுமார் 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. இந்த 44-ஐப் பிரித்தால் அக்டோபருக்கு 17, நவம்பருக்கு 18, டிசம்பருக்கு 9 என்ற அளவில் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் அக்டோபரும் நவம்பரும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன. உண்மையில் இவற்றின் மழை வேறு வேறு. அக்டோபர் முற்பாதியில் பெய்வது பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தின் கடைசிக் காலத்து மாலைநேர இடிமழை. கீழைக்காற்று வங்கக் கடலிலிருந்து நிலைத்து வீசத் தொடங்கிய பின்னரே வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கிறார்கள். கடலோரத் தமிழகத்தில் அதற்கான இயல்பான நாள் அக்டோபர் 20. ஓராண்டு ஒரு வாரம் முந்தும், மற்றோராண்டு ஒரு வாரம் பிந்தும்.

ஐப்பசி பிறப்பது அக்டோபர் 18-ஐ ஒட்டி. கார்த்திகை முடிவது டிசம்பர் 15-ஐ ஒட்டி. டிசம்பரின் மழையிலும் பெரும்பகுதி அதன் முற்பாதியில் பெய்துவிடுகிறது. அதாவது கீழைக்காற்று தொடங்கும் நாளுக்கும் அதன் வீறு அடங்கும் நாளுக்கும் நடுவிலுள்ள காலத்தை ஐப்பசி, கார்த்திகை என்னும் இரண்டு பெயர்கள் ஏறக்குறைய முழுமையாக மூடிவிடுகின்றன. எந்த இரண்டு ஆங்கில மாதங்களை எடுத்தாலும் இந்தப் பொருத்தம் கிடைக்காது. இந்த இடத்தில் தமிழ் மாதத்தை மெச்சிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தப் பொருத்தம் எப்போதும் இருந்ததில்லை, என்றும் இருக்கப்போவதுமில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மாதம் என்னும் கத்தி மழையை எங்கே வெட்டுகிறது என்பதற்குச் சென்னையின் 2015 நல்ல சான்று. அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை 1,049 மி.மீ. சென்னையின் நவம்பர் இயல்பு, எந்த முப்பதாண்டைக் கணக்கில் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, 35 முதல் 40 செ.மீ. வரை வரும், ஆகவே இது இரண்டரை மடங்குக்கு மேல். 1918-ஆம் ஆண்டு நவம்பரின் 1,088 மி.மீட்டரை இது தாண்டவில்லை என்பதால் 'சாதனை முறியடிக்கப்படவில்லை' என்று அப்போது எழுதினார்கள். ஆனால் நகரத்தை மூழ்கடித்த மழை அந்த 1,049-இல் இல்லவே இல்லை. அது டிசம்பர் முதல் நாள் பெய்தது. அதை அளந்தது டிசம்பர் 2 காலை எட்டரை மணிக்கு: தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. மழைமானியின் நாள் காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடிவது. அளவு முடியும் நாளின் கணக்கில் ஏறும். எனவே டிசம்பர் முதல் தேதியின் மழை, ஏட்டில் டிசம்பர் 2-ஆம் தேதியின் மழை. நவம்பர் முழுதும் நிலத்தையும் ஏரிகளையும் நிரப்பியது. மிச்சத்தை ஒரே இரவு செய்தது. இரண்டையும் மாதக்கணக்கு இரு வேறு பத்திகளில் எழுதிவைத்திருக்கிறது. தமிழ்க் கணக்கில் அது கார்த்திகையின் நடுப்பகுதி. எந்த எல்லையும் குறுக்கிடவில்லை.

இதை வெறும் கணக்குப்பிள்ளை வேடிக்கையாக எண்ணிவிடலாகாது. ஏரியின் மதகைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு நவம்பர் இறுதியில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நிறைத்து வைத்தால் கோடைக்குக் குடிநீர். இடம்விட்டு வைத்தால் அடுத்த மழைக்குக் காப்பு. டிசம்பரின் இயல்பு நவம்பரில் பாதி என்று அட்டவணை சொல்லும்போது, கார்த்திகை முடிந்தால் மழை முடிந்தது என்று ஊரும் சொல்லும்போது, நிறைத்து வைக்கத்தான் எந்தக் கையும் நீளும். செம்பரம்பாக்கத்திலிருந்து அந்த இரவில் நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத்துறை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே குறித்தது. அரசு தன் பக்கத்து விளக்கத்தை முன்பே சொல்லியிருந்தது. அந்த வழக்கில் நாம் இறங்கவில்லை. இயல்பு என்னும் ஓர் எண் எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? அதற்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் போகவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அங்கே வானாய்வுக்கூடம் ஒன்றைக் கட்டியது. விண்மீன்களைப் பார்த்துக் கப்பலோட்டிகளுக்கும் நில அளவையாளருக்கும் இடமும் நேரமும் கணித்துத் தருவதே அதன் முதல் வேலை. வானிலை பின்னால் ஒட்டிக்கொண்டது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங். கருவியைத் தாங்க அவர் நிறுத்திய கருங்கல் தூண் இன்றைக்கும் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் இலத்தீன், உருது, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. கல்வெட்டு என்றாலே சோழர் காலத்துக்கு ஓடிவிடும் நம் நண்பர்கள், அந்தப் பக்கம் போகும்போது இந்த இளைய கல்வெட்டையும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். வானிலைக் குறிப்புகள் அங்கே 1796 முதல் எழுதப்பட்டன. மழையளவின் தொடர்ச்சியான வரிசை 1813-இலிருந்து. இந்தியாவின் மிகப் பழைய மழைக்கணக்குகளில் ஒன்று அது. ஒரு நகரத்தின் ஒரு முற்றத்தில் வைத்த பாத்திரத்தில் விழுந்த நீர்.

அந்தப் பாத்திரத்தின் கணக்கு ஒரு மாகாணத்தின் தலைவிதியைப் பேசப் புறப்பட்ட கதைதான் இந்த வரலாற்றிலேயே நம்மை மிகவும் உறுத்துவது.

1876-இல் மழை பொய்த்தது. தென்மேற்கு நலிந்திருந்த ஆண்டில் வடகிழக்கும் கைவிட்டது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருஷம். அந்தப் பெயரோடுதான் பஞ்சம் இன்றளவும் மக்கள் நினைவில் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. பெல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் ஆகிய மாவட்டங்கள் மிகக் கடுமையாக அடிபட்டன. அனைத்தும் உள்நாட்டு மாவட்டங்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். 1877 சனவரியில் இந்திய அரசின் சார்பில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் மண் சுமந்தவர்களின் நாட்கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். இதைத் தின்று உழைத்தால் மனித உடல் நிலைக்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் எதிர்த்தார். ஒரு பவுண்டா, ஒன்றரைப் பவுண்டா என்ற அந்த வாதமும் சராசரி பற்றியதே: சராசரி மனித உடலுக்கு எவ்வளவு போதும் என்பது.

அதே 1877-இல், இந்திய அரசின் புள்ளிவிவரத்துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர் 'தென்னிந்தியாவில் வறட்சியும் பஞ்சமும் வரும் சுழற்சி' என்னும் பொருளில் ஒரு நூலை வெளியிட்டார். நுங்கம்பாக்கத்தின் 1813 முதல் 1876 வரையிலான 64 ஆண்டு மழையை எடுத்து, சூரியனில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியோடு அடுக்கிப் பார்த்தார். புள்ளிகள் அருகும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் அருகுகிறது, அதையொட்டிப் பஞ்சம் வருகிறது என்பது அவர் முடிவு. அவ்வாண்டு நவம்பரில் வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரும் சேர்ந்து இலண்டன் இதழொன்றில் இதையே விரித்து எழுதினர். சுழற்சி தெரிந்தால் பஞ்சத்தை முன்னறியலாம், உயிர்களைக் காக்கலாம் என்பதே ஹண்டரின் வாதம். அவரது நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் பெல்லாரியிலும் சேலத்திலும் மாண்டவர்களின் மழையைக் கடற்கரை நகரம் ஒன்றின் பாத்திரத்தில் தேடியது எந்தக் கணக்கு? உள்நாட்டின் மழை கடற்கரையின் மழையைப் போன்றதன்று. இன்றைய கணக்கிலும் கடலோர மாவட்டங்கள் ஆண்டு மழையில் அறுபது விழுக்காட்டை இந்தப் பருவத்தில் பெறுகின்றன. உள்மாவட்டங்களுக்கு நாற்பது முதல் ஐம்பதுதான். பஞ்சத்தின் காரணம் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருந்துவிட்டால், ஒரு பவுண்டுக் கூலி பற்றிய கேள்வி சற்றுப் பின்னே தள்ளப்படுகிறது என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

மறுப்பு உடனே வந்தது, அதுவும் அரசுப் பணியிலிருந்த ஒருவரிடமிருந்தே. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி அதே 64 ஆண்டு எண்களை எடுத்துக்கொண்டு ஓர் எளிய சோதனை செய்தார். ஹண்டரின் சுழற்சியை நம்பி ஓர் ஆண்டின் மழையைக் கணித்தால் எவ்வளவு பிழை வருகிறது? சுழற்சியை மறந்துவிட்டு 64 ஆண்டின் சராசரியையே எல்லா ஆண்டுக்கும் சொன்னால் எவ்வளவு பிழை? இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பெரிய பெரிய வாதங்களுக்கு நடுவே இந்தச் சிறிய சோதனையை நினைக்கும்தோறும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. எனினும் சூரியனையும் மழையையும் சேர்த்துப் பார்க்கும் ஆசை அத்தோடு போகவில்லை. பஞ்சத்தின் பின்விளைவாக எழுந்த அந்த ஆர்வமே கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வகம் அமையக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1899-இல் சென்னையின் வானியல் பணி அங்கே இடம்பெயர்ந்தது. மழைமானி நுங்கம்பாக்கத்திலேயே தங்கியது.

இதனிடையே 1875-இல் ஹென்றி பிளான்ஃபோர்டைத் தலைவராகக் கொண்டு இந்திய வானிலைத்துறை தோன்றியிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே முறையில் மழையை அளந்து, பருவங்களை வகுத்தார்கள். அந்த வகுப்பில் சூன் முதல் செப்டம்பர் வரைதான் 'பருவமழை'. அக்டோபர், நவம்பர், டிசம்பர் 'பருவமழைக்குப் பிந்தைய காலம்'. நம் பள்ளிப் புத்தகங்களிலும் இது 'பின்வாங்கும் பருவக்காற்று' என்றே நெடுங்காலம் இருந்தது. தமிழ்நாட்டு உழவர் விதைத்து நட்டுக் காத்திருக்கும் பருவம், பேரேட்டில் மீதித்தொகை! கில்பர்ட் வாக்கர் 1904-இல் அத்துறையின் தலைவராகி, பசிபிக் கடலின் அழுத்த ஊசலாட்டத்துக்கும் இந்திய மழைக்கும் உள்ள உறவைத் துருவியதும் முதன்மையாகத் தென்மேற்கைக் கருதியே. இன்று எல் நினோ என்றால் மழை குறையும் என்று நாடே அஞ்சுகிறது. வடகிழக்குப் பருவத்தில் அது பெரும்பாலும் தலைகீழ். 2015 வலுவான எல் நினோ ஆண்டு என்பதை நினைவில் கொள்க.

இப்போது 'இயல்பு' என்ற சொல்லுக்கு வருவோம். வானிலைத்துறை வழக்கில் சராசரிக்கு 19 விழுக்காடு மேலோ கீழோ பெய்தால் அது 'இயல்பான' மழை. 2015-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை ஐம்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல் மிகுதி. மறு ஆண்டு, 2016-இல், அது 62 விழுக்காடு குறைவு. வெறும் 168 மி.மீ. 2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள்: இயல்பான மழை! ஓராண்டு மூழ்கியும் ஓராண்டு காய்ந்தும் கண்ட நாட்டுக்கு அட்டவணை அளிக்கும் நற்சான்று இது.

சென்னையில் ஒரு மாத மழை நூறு செ.மீட்டரைத் தாண்டிய கதையும் இங்கே சொல்லத்தக்கது. 1918 நவம்பர், 2005 அக்டோபர் (1,078 மி.மீ.), 2015 நவம்பர், 2021 நவம்பர் என இருநூறு ஆண்டுக் கணக்கில் அப்படிப்பட்ட மாதங்கள் நான்கு. அவற்றுள் மூன்று, பதினேழு ஆண்டுகளுக்குள் வந்தவை. நான்கு நிகழ்வை வைத்துக்கொண்டு காலநிலை மாற்றத்தை நிறுவிவிட முடியாது; ஸ்ட்ரேச்சியின் கதையைச் சொல்லிவிட்டு நாமே ஹண்டராகிவிடக் கூடாதல்லவா? ஆனால் 1813-இலிருந்து கூட்டி வகுத்த எண்ணுக்கு 2021-ஐப் பற்றிச் சொல்ல எவ்வளவு அதிகாரம் உண்டு என்று கேட்கலாம். வானிலைத்துறையும் இதை அறிந்தே பத்தாண்டுக்கு ஒருமுறை இயல்பைத் திருத்தி எழுதுகிறது. சொலவடையைத் திருத்தி எழுதுவதற்குத்தான் யாரும் இல்லை.

ஆயினும், யாரும் திருத்தாமலேயே சொலவடை மாறிக்கொண்டிருக்கிறது. மேலே சொல்லாமல் விட்டதை இனிச் சொல்லலாம். நம் பஞ்சாங்க மாதம் விண்மீன் மண்டலத்தை வைத்துக் கணிப்பது. பருவங்களோ சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளை ஒட்டி நடப்பவை. இரண்டுக்கும் இடையில் அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விலக்கம் விழுகிறது. விவேகானந்தர் பிறந்த 1863-இல் மகர சங்கராந்தி சனவரி 12. இப்போது பொங்கல் 14 அல்லது 15. நூற்றறுபது ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் என்றால், ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து நாள். சித்திரை முதல் நாள் அப்போது வேனிற்கால சமநாளோடு, இன்றைய மார்ச் 20-ஐ ஒட்டிய நாளோடு, பொருந்தியிருந்தது. எனவே அக்காலத்துக் கார்த்திகை முடிந்தது பருவக் கணக்கில் இன்றைய நவம்பர் 20-ஐ ஒட்டி. அன்று எவரேனும் கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்று சொல்லியிருந்தால், கீழைக்காற்று இன்னும் மூன்று வாரம் பெய்து அவரைப் பொய்யராக்கியிருக்கும். ஆகவே இந்தச் சொலவடை, இன்றுள்ள பொருளில், மிகப் பழையதாக இருக்க இயலாது என்று கொள்கிறோம். கர்ணனை வைத்துக் காலம் கணிக்க முற்படும் ஆய்வாளர்கள் இதையும் கருத்தில் கொள்ளலாம்.

வகுப்பறைக் கேள்விக்கும் இங்கே ஒரு வழி திறக்கிறது. தொல்காப்பியம் பொழுதுகளைச் சொல்கிறதேயன்றி மாதப் பெயர்களால் அவற்றை வரையறுக்கவில்லை. ஆவணி முதலாக இரண்டிரண்டு திங்களாகப் பிரித்தவர்கள் உரையாசிரியர்கள். நச்சினார்க்கினியரைப் பதினான்காம் நூற்றாண்டினராகக் கொண்டால், அவர் காலத்து ஆவணி இன்றையதைவிடப் பதினொரு நாள் முன்னே பிறந்தது. அவருடைய கார்காலம் ஆகஸ்டு முதல் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. தமிழக உள்நாட்டில் அந்த மாதங்களின் மழை எப்படிப்பட்டது? பகலெல்லாம் புழுங்கி, பொழுது சாயும் நேரத்தில் மேற்கே கருத்து, இடியும் மின்னலுமாக இறங்கிப் போவது. முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார் என்றும் சிறுபொழுது மாலை என்றும் இலக்கணம் இணைத்துச் சொன்னதை, வானிலைப் பதிவேட்டைப் பார்த்த பின்னரே நாம் சரியாகப் படித்தோம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அது காட்டுப்புறத்து மாலை மழை.

கூதிரோ வாடையின் காலம். வாடை என்பது வடக்கிருந்து வரும் காற்று. நெடுநல்வாடையில் ஆயர் நடுங்குவதும் விலங்குகள் மேய்ச்சல் மறப்பதும் இந்தக் காற்றில்தான். நாம் வடகிழக்குப் பருவமழை என்று மொழிபெயர்த்துச் சொல்வதற்குப் பழந்தமிழில் தனிப்பெயரே இருந்திருக்கிறது. அதைக் 'கார்' என்ற பெயரில் தேடியதுதான் நம் பிழை. பேரேட்டில் மீதித்தொகையாக நின்ற பருவம், சங்கப் பாட்டில் தனியொரு பொழுதாக நிற்கிறது. தாமிரபரணிக் கரை மாணவருக்கு இப்போது நாம் சொல்லும் விடை இதுதான்: "உங்கள் ஊர் மழை கூதிர் மழை, தம்பி. கார் மழையைப் பார்க்கவேண்டுமானால் ஆவணியில் உள்நாட்டுப் பக்கம் போய், சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும்."

ஆண்டாளையும் இந்தக் கணக்கில் விட்டுவிட மனமில்லை. திருப்பாவையின் நான்காம் பாசுரம் மழையை நோக்கிப் பேசுவது. மார்கழி நான்காம் நாள் காலையில் பாடப்படுவது. கார்த்திகையோடு மழை முடியுமானால் மார்கழியில் ஒருத்தி ஏன் மழை வேண்டுகிறாள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் காலத்தை ஒன்பதாம் நூற்றாண்டு என்று வைத்து மேற்சொன்ன விலக்கத்தைக் கழித்தால், பஞ்சாங்க மார்கழி பருவக் கணக்கில் இன்றைய நவம்பர் இறுதியில் பிறந்துவிடும். வில்லிபுத்தூரில் அது மழைக்குரிய காலம், கேட்டதில் வியப்பில்லை.

2023-இல் அந்தப் பாசுரத்துக்குரிய நாள் டிசம்பர் 20, புதன்கிழமை. நவதிருப்பதிகளில் முதலாவதான ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றிய ஊர்கள் பலவற்றில் அன்றும் வெள்ளம் வடியவில்லை. ஏரல் பக்கத்துக்குச் சாலை திறக்கவில்லை. ஆண்டுதோறும் நம்மிடம் கேள்வி கேட்கும் பின்வரிசையில் அந்த வாரம் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. வந்திருந்த ஒருவரிடம் வீட்டு நிலையைக் கேட்டோம். "கார்த்திகை முடிஞ்சிட்டேன்னு அப்பா விதைநெல்ல கீழ இறக்கி வச்சிருந்தாங்க ஐயா" என்றார்.